காமிரா சென்சாரில் ஒட்டிய கறை: ஸ்டுடியோ உறுப்பினர்களும் காமிரா வியாபாரிகளும் அறிய வேண்டியவை

அரிசி, மளிகை, ஜவுளி, நகை என்று பெரிய வியாபாரங்களைப் பற்றியே இந்தப் பக்கங்களில் அதிகம் எழுதப்படுகிறது. திருக்கோவிலூர் கடைத்தெருவிலும் சுற்றுக் கிராமங்களிலும் போட்டோ ஸ்டுடியோ நடத்தும் உறுப்பினர்களும் நம்மைப் போல் சந்தா கட்டுகிறவர்கள்தாம். மளிகைக் கடைக்காரருக்கு மூலதனம் நூறு மூட்டையில் பரவிக் கிடக்கிறது. ஸ்டுடியோக்காரருக்கோ ஒன்றிரண்டு காமிராவுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அந்தக் காமிராவின் உள்ளே தபால்தலை அளவுள்ள ஒரு பரப்பில் கறை ஒட்டிக்கொண்டு போக மறுத்தால், முகூர்த்த மாதத்தில் அவர் படும் பாடு சொல்லி மாளாது. சென்னைக்கு அனுப்பினால் திரும்பி வரும்வரை வேலை நிற்கும். கையாலேயே துடைக்கலாம் என்றால் காமிராவே பாழாகுமோ என்ற பயம்.

பிலிம் காலத்தில் இந்தத் தொல்லை இந்த வடிவில் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் புதிய பிலிம் நகர்ந்து வந்தது. ஒரு பிரேமில் தூசி விழுந்தால் பெரும்பாலும் அந்தப் பிரேமோடு போயிற்று. டிஜிட்டல் காமிராவில் எத்தனை வருஷம் ஆனாலும் அதே சென்சார்தான். லென்ஸைக் கழற்றி மாட்டும்போது உள்ளே போன தூசி அங்கேயே உட்கார்ந்துகொண்டு, அடுத்து எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் வந்து நிற்கும். ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் படம் என்றால் இரண்டாயிரத்திலும் அது இருக்கும்.

தூசிக்கு நம் பகுதியில் பஞ்சமில்லை. தென்பெண்ணை மணல், எதிர்க்கரையில் அரகண்டநல்லூர் அரிசி ஆலைகளின் உமித் தூசி, கரும்பு வண்டிகள் கிளப்பும் புழுதி எல்லாம் உண்டு. சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் கூட்டத்தின் நடுவிலேயே லென்ஸ் மாற்ற வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் ஈரம் சேர்ந்து, உலர்ந்து கிடந்த தூசி கறையாக இறுகும்.

கறை சில படங்களில் மட்டும் தெரிவது ஏன்?

துடைக்கும் பேச்சுக்கு முன், நாம் துடைப்பது எதை என்று தெரிந்துகொள்வது நல்லது. சென்சாரின் மேல் ஒரு மெல்லிய வடிகட்டிக் கண்ணாடி இருக்கிறது. நம் கை படுவது அதன்மேல்தான். சென்சாரைத் தொடமுடியாது, தொடவும் கூடாது. பெரிய வகைக் காமிராக்களில் இந்தப் பரப்பு 36க்கு 24 மில்லிமீட்டர். சாதாரண வகைகளில் நிக்கானில் 23.5க்கு 15.6, கேனானில் 22.3க்கு 14.9 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கண்ணாடியின் மேல்முகம் சென்சாரிலிருந்து சிறிது உயரத்தில் இருப்பதால் தூசியின் உருவம் படத்தில் விழுவதில்லை. அதன் நிழல்தான் விழுகிறது.

டியூப் லைட்டின் கீழ் சுவருக்கு முன் விரலை நீட்டினால் நிழல் பரந்து மங்கிப் போகும். ஒரு சிறிய டார்ச் வெளிச்சத்தில் அதே விரலின் நிழல் கூர்மையாக விழும். லென்ஸின் அபெர்ச்சரை எஃப் 2.8, எஃப் 4 என்று அகலமாகத் திறந்து வைத்தால் டியூப் லைட் கதை. எஃப் 16, எஃப் 22 என்று சுருக்கினால் டார்ச் கதை. மண்டபத்துக்குள் அபெர்ச்சரைத் திறந்து எடுத்த படங்களில் ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டு, வெளியே வெயிலில் உலகளந்த பெருமாள் கோயில் கோபுரத்தை வானத்தோடு சேர்த்து எடுத்ததும் ஐந்தாறு புள்ளி திடீரென்று தெரிவது இதனால்தான். கல்யாணத்துக்குப் போகாமல் பாஸ்போர்ட் சைஸ் படத்தையே நம்பிப் பிழைக்கும் கடைகளுக்குத்தான் உண்மையில் தொல்லை அதிகம். பின்னணி வெறும் வெள்ளைத் துணி, ஸ்டுடியோ விளக்கில் அபெர்ச்சரும் எஃப் 8, எஃப் 11 என்று சுருங்கியிருக்கும். வாடிக்கையாளரின் காதருகே கறுப்புப் புள்ளி தொங்கும்.

ஏற்கெனவே எடுத்துவிட்ட படங்களைக் காப்பாற்ற வழி உண்டு. கேனான், நிக்கான் இரண்டிலும் வெள்ளைப் பரப்பை ஒரு மாதிரிப் படமாக எடுத்து வைத்து, அவரவர் மென்பொருள் மூலம் அந்தந்த இடத்துப் புள்ளிகளை நீக்கும் வசதி இருக்கிறது. நிக்கானில் இது என்.இ.எஃப். எனப்படும் மூலக் கோப்புகளுக்கு மட்டும்தான். போட்டோஷாப், லைட்ரூம் வைத்திருப்போர் ஒரு படத்தில் புள்ளியை எடுத்து, அதே திருத்தத்தை மற்றவற்றுக்கும் பரப்பலாம். ஆனால் மணப்பெண்ணின் பட்டுச் சேலை ஜரிகையின் மேல் விழுந்த புள்ளியை மென்பொருள் தடவினால் ஜரிகையும் சேர்ந்தே குழம்பும். ஒவ்வொன்றாகக் கையால்தான் பார்க்க வேண்டும்.

கண்டுபிடிக்கும் முறை

புள்ளியைக் கண்டதும் குச்சியை எடுப்பவர்கள்தாம் கறையைப் பிடிவாதக் கறையாக ஆக்குகிறவர்கள். முதலில் அது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வியூபைண்டரில் கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் படத்தில் வராத தூசி, கண்ணாடிமேலோ போகஸ் திரைமேலோ இருப்பது. படத்துக்குக் கேடில்லை, விட்டுவிடலாம். லென்ஸ் மாற்றியதும் மறைகிற கறை லென்ஸில் உள்ளது. எந்த லென்ஸ் போட்டாலும் அதே இடத்தில் நிற்பதுதான் சென்சார் கறை. எந்த அபெர்ச்சரிலும் அளவு மாறாமல் ஒற்றைப் புள்ளியாகச் சிவப்பாகவோ வெள்ளையாகவோ மின்னினால் அது தூசியே அல்ல. சென்சாரின் ஒரு பிக்சல் பழுது. அதை எத்தனை துடைத்தாலும் போகாது.

சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 100, அபெர்ச்சர் எஃப் 16 அல்லது 22 வைத்து, போகஸைக் கையால் வேண்டுமென்றே தவறாகத் திருப்பிவிட்டு, வெள்ளைத் தாளையோ கம்ப்யூட்டரின் வெற்றுத் திரையையோ எடுக்கவும். ஷட்டர் மெதுவாகத்தான் விழும். கை ஆடினால் பரவாயில்லை, நல்லதுகூட. தாளில் உள்ள அழுக்கு கலைந்துவிடும், சென்சார் கறை மட்டும் கலையாது. பிறகு கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்க்கவும். காமிராவின் பின்னால் உள்ள சிறு திரையை நம்பக்கூடாது.

படத்தில் புள்ளி மேல் இடது மூலையில் இருந்தால், லென்ஸைக் கழற்றி முன்பக்கமிருந்து பார்க்கும்போது அது சென்சாரின் கீழ் இடது மூலையில் இருக்கும். மேல் கீழாக மாறும், இடம் வலம் மாறாது. இதைத் தெரியாமல் எதிர் மூலையைத் துடைத்துத் துடைத்து, இருந்த ஒரு புள்ளியும் போகாமல் புதிதாகக் கீறலைச் சேர்த்துக்கொண்டவர்கள் உண்டு.

உலர்ந்த தூசியா, ஒட்டிய கறையா?

உலர்ந்த தூசிக்கு ரப்பர் புளோயர் போதும். காமிராவின் வாயைக் கீழே பார்த்தபடி பிடித்து, புளோயரின் மூக்கு உள்ளே எதையும் தொடாமல் நாலைந்து முறை அழுத்தினால் பெரும்பாலும் விழுந்துவிடும். கண்ணாடி உள்ள எஸ்.எல்.ஆர். காமிராவில் இதற்கென்று மெனுவில் உள்ள சென்சார் சுத்தம் செய்யும் வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும், பேட்டரி முழுதாக இருக்க வேண்டும். நடுவில் பேட்டரி தீர்ந்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும். குச்சி உள்ளே இருக்கும்போது மூடினால் ஷட்டரின் மெல்லிய தகடுகள் வளைந்துபோகும், செலவு வேறு கணக்கில் போய்விடும். கண்ணாடியில்லாத புதிய வகைகளில் லென்ஸைக் கழற்றியதும் சென்சார் எதிரே நிற்கும். 2018இல் வந்த கேனான் ஈ.ஓ.எஸ். ஆர் முதல் சிலவற்றில் காமிராவை அணைத்ததும் ஷட்டர் மூடிக்கொண்டு தூசியைத் தடுக்கிறது. தடுக்கிறது என்றதும் அந்த மூடிய தகட்டின்மேல் காற்றை ஓங்கி அடித்துவிடக்கூடாது.

காமிராவைப் போட்டதும் சென்சாரை அதிரவைத்துத் தூசியை உதறும் வசதி 2003இல் ஒலிம்பஸ் ஈ-1 காமிராவில் வந்தது. 2006இல் கேனான் தன் 400டி காமிராவிலும் இதைச் சேர்த்தது. இப்போது ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு. உலர்ந்த தூசியை அது உதறும். ஒட்டிய கறையை அசைக்காது. விளம்பரத்தில் இந்த இரண்டாவது பகுதியைச் சொல்வதில்லை, விற்கிற நாமாவது சொல்லிக் கொடுக்கலாம்.

புளோயருக்குப் போகாதது ஒட்டிய கறை. அது எதனால் ஆனது என்று ஊகிக்காமல் கைவைக்கக்கூடாது, ஏனெனில் ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு விஷமாகும். பொதுவாக மூன்று வகை வருகின்றன.

முதலாவது எண்ணெய்த் துளி. ஷட்டரின் மசகு தெறிப்பதால் வருவது, புதுக் காமிராவில் அதிகம். பெரும்பாலும் வட்டமாக, நடுவில் வெளிச்சமும் ஓரத்தில் கறுப்பு வளையமுமாகத் தெரியும். ஆல்கஹால் வகைத் திரவத்துக்கு இது எளிதில் கரையும்.

இரண்டாவது உப்பும் எச்சிலும். நம்மவர்கள் பழக்கம் லென்ஸைக் கழற்றி வாயால் ஒரு ஊது ஊதுவது. அப்போது நுண்ணிய எச்சில் துளிகள் போய் ஒட்டி, உலர்ந்து, சிறுசிறு திட்டுகளாக நிற்கும். வியர்வைத் துளியும் இப்படியே. இங்குதான் பலரும் தோற்றுப்போகிறார்கள். கடையில் வாங்கிய ஆல்கஹால் திரவத்தால் பத்துத் தடவை துடைத்தும் போகவில்லை என்பார்கள். போகாது. சாப்பாட்டு உப்பு 100 மில்லி தண்ணீரில் சுமார் 36 கிராம் கரையும். மெத்தனாலில் ஒன்றரை கிராம் அளவுதான் கரையும். எச்சிலில் உள்ள புரதமோ ஆல்கஹால் பட்டதும் முட்டை வெந்தது போல் இறுகிக்கொள்ளும். ஆகவே இந்த வகைக்கு முதலில் சுத்தத் தண்ணீர், அப்புறம்தான் ஆல்கஹால். சுத்தத் தண்ணீர் என்றால் கேன் தண்ணீர் அல்ல, பேட்டரிக் கடைத் தண்ணீரும் அல்ல. மருந்துக் கடையில் ஊசி மருந்து கலக்கச் சிறு குப்பியில் விற்கும் நீர் உலர்ந்தால் எதையும் விட்டுவைக்காது. குச்சியின் நுனி ஈரமாகும் அளவு மட்டும் போதும். ஒரு துளி அதிகமானாலும் கண்ணாடியின் ஓரச் சட்டத்துக்குள் இறங்கிவிடும்.

மூன்றாவது, துடைத்ததாலேயே வந்த கறை. திரவம் அதிகமாகிக் காய்ந்த கோடுகள், குச்சியை எடுத்த ஓரத்தில் நிற்கும் படலம், தப்பான திரவம் விட்டுச்சென்ற எண்ணெய்ப் பசை எல்லாம் இதில் அடங்கும். பிடிவாதக் கறை என்று சர்வீசுக்கு வருபவற்றில் இந்த வகையும் நிறைய. கொரோனாவுக்குப் பிறகு எல்லாக் கடையிலும் சானிடைசர் பாட்டில் நிற்கிறது. ஆல்கஹால்தானே என்று எடுத்துத் தடவுகிறார்கள். கை வறண்டுபோகாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்க்கிறார்கள், அந்தக் கிளிசரின் உலராது. கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தில் நிறமும் சோப்பும் இருக்கின்றன. பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் நீக்கி ஆகியவற்றின் பேரையே எடுக்க வேண்டாம், உள்ளே உள்ள பிளாஸ்டிக்கையும் பசையையும் தின்றுவிடும்.

பஞ்சர் கடைக் காற்றும் இந்த வரிசையில் சேரும். கம்ப்ரசர் காற்றோடு எண்ணெய்யும் தண்ணீர்த் துளியும் வரும். வேகமும் மிக அதிகம். ஸ்பிரே டப்பாவில் வரும் காற்றும் சாய்த்துப் பிடித்தால் உள்ளே உள்ள திரவத்தைக் கக்கிவிடும். கம்ப்யூட்டர் தூசி ஊதும் மின்சார புளோயர் கீபோர்டுக்கு நல்லது, அங்கேயே இருக்கட்டும்.

ஈரத் துடைப்பு

சென்சாரின் அகலத்துக்குச் சரியான ஸ்வாப் குச்சி வேண்டும். பெரிய வகைக்கு 24 மில்லிமீட்டர், சிறிய வகைக்கு 16 மில்லிமீட்டர் என்று கடைகளில் கிடைக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்தால் நூல் ஒட்டும், நடுவில் ஒரு வழித்தடம் மட்டும் சுத்தமாகும். மின்விசிறியை அணைத்துவிட்டு, அடைத்த அறையில், பூட்டு போட்டு உட்காரவும். பூட்டு எதற்கென்றால், குச்சி உள்ளே இருக்கும் நேரத்தில்தான் ஜெராக்ஸ் எடுக்க ஆள் வருவார்.

புளோயரால் ஊதிய பிறகே குச்சி. ஊதாமல் துடைத்தால் மணல் துகளையே கண்ணாடிமேல் இழுத்ததாகும். குச்சியில் ஒன்று அல்லது இரண்டு துளி. திரவத்தைச் சென்சார் மேல் நேரடியாக விடவே கூடாது. துளி விட்டதும் குச்சி ஊறுவதற்குச் சில விநாடி பொறுத்து, ஒரு ஓரத்தில் வைத்து மறு ஓரம் வரை ஒரே இழுப்பு, லேசான அழுத்தம். மறுபக்கத்தைத் திருப்பி எதிர்த்திசையில் ஒரே இழுப்பு. அந்தக் குச்சி அதோடு முடிந்தது. சிக்கனம் பார்த்து அதே குச்சியால் இன்னொரு தடவை துடைப்பவர், எடுத்த அழுக்கைத் திருப்பிப் பூசுகிறார். பிறகு மறுபடி சோதனைப் படம். கோடு தெரிந்தால், அடுத்த குச்சியில் பாதித் துளி மட்டும் விட்டுத் துடைத்தால் படலம் போய்விடும். கறையைத் தேய்க்க வேண்டிய அவசியம் வந்தால், அது நம் கையில் இல்லை என்று பொருள். இறுகிய கறைக்குத் தேவை நேரமும் சரியான திரவமும்தான், அழுத்தம் அல்ல.

மூன்று அல்லது நான்கு குச்சி ஆகியும் புள்ளி ஒரு மயிரிழைகூட நகரவில்லை, உருவம் மாறவில்லை என்றால் நிறுத்திவிடவும். அது கீறலாக இருக்கலாம், கண்ணாடிக்கு அடியில் போன தூசியாக இருக்கலாம், சிலந்தி வலை போலக் கிளை விட்டால் பூஞ்சையாகவும் இருக்கலாம். மேலே துடைத்து அடியில் உள்ளதை எடுக்க முடியாது. பூஞ்சை நம் ஊர் மழைக்காலத்தின் வேலை. காற்றின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கும் பெட்டியிலோ, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவிலோ காமிராவை வைத்தால் பெரும்பாலும் வராது. ஈரம் இழுக்கும் என்று காமிராவை அரிசிக்குள் புதைத்து வைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அரிசி மாவுத் தூசி எங்கே போய் உட்காரும் என்பதை அரிசி வியாபாரம் செய்யும் உறுப்பினர்களிடம் கேட்டாலே சொல்வார்கள்.

மெத்தனால் விஷயத்தில் எச்சரிக்கை

இதைத் தனியாக எழுதக் காரணம் உண்டு. சென்சார் துடைக்கும் திரவங்களில் உலகம் முழுவதும் நெடுங்காலமாகப் பெயர்பெற்ற எக்லிப்ஸ் போன்றவை மிகச் சுத்தமான மெத்தனால். சீக்கிரம் உலரும், எதையும் விட்டுவைக்காது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் மாவட்டத்தில் அந்தப் பெயருக்கு வேறு பொருள் வந்துவிட்டது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டில் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, உயிர்ச்சேதம் உண்டாக்கும் கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனையும் 10 லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதமும் என்று கடுமையாக்கப்பட்டது. மெத்தனாலை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் கேட்கும் விதிகள் தமிழ்நாட்டில் 1959 முதலே இருக்கின்றன.

ஆகவே, சிறு பாட்டில் விலை அதிகம், ரசாயனக் கடையில் லிட்டராக வாங்கினால் மலிவு என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். உரிமமில்லாமல் லிட்டர் கணக்கில் மெத்தனால் ஒரு ஸ்டுடியோவில் இருந்தால், காமிரா துடைக்கத்தான் வைத்திருக்கிறேன் என்று சோதனைக்கு வருகிறவரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். லிட்டராக வாங்கும் தொழிற்சாலைச் சரக்கு அந்தச் சுத்தத்திலும் இருக்காது, கறைக்கே புதுக் கறை சேர்க்கும். திரவம் விற்க எண்ணும் காமிரா கடை உறுப்பினர்கள் மதுவிலக்கு ஆயத்தீர்வை அலுவலகத்தில் விசாரித்து, பதிலை எழுத்தில் பெற்று, கொள்முதல் பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. மெத்தனால் இல்லாத திரவங்களும் வந்துவிட்டன. கனடாவின் விசிபிள் டஸ்ட் நிறுவனம் தண்ணீர்க் கறைக்கு ஒன்று, எண்ணெய்க் கறைக்கு ஒன்று என்று தனித்தனியாகவே விற்கிறது. பெரும்பாலான ஸ்டுடியோக்களுக்கு இந்த வகை போதும்.

மெத்தனால் பாட்டில் ஏற்கெனவே கையில் இருந்தால், மேலே தமிழில் பெரிதாக விஷம் என்று எழுதி ஒட்டி, பூட்டிய அலமாரியில் வைக்கவும். கொஞ்சம் உள்ளே போனாலே கண்பார்வை போகும், உயிரும் போகும். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் கூடவே கூடாது. நம் அறை வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும், பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. சாமி படத்துக்கு முன் விளக்கும் ஊதுபத்தியும் எரியும் மேசையில் வைத்துத் துடைக்கக்கூடாது.

கறை நம் தவறே அல்லாத வேளை

துடைத்த ஒரு வாரத்தில் அதே மூலையில் மறுபடி புள்ளிகள் வந்தால், வெளித் தூசியைச் சந்தேகிப்பதை நிறுத்திவிட்டுக் காமிராவைச் சந்தேகிக்க வேண்டும். இதற்கு ஊரறிந்த உதாரணம் நிக்கான் டி600. 2012 செப்டம்பரில் வந்த அந்தக் காமிராவில், படத்தின் மேல் இடது பகுதியில் புள்ளிகள் திரும்பத் திரும்ப வருவதாக வாங்கியவர்கள் பல நாடுகளில் புகார் சொன்னார்கள். 2013 பிப்ரவரியில் கம்பெனி வெளியிட்ட அறிவிப்பு, புளோயரால் ஊதுங்கள், போகாவிட்டால் சர்வீசுக்குக் கொண்டு வாருங்கள் என்ற அளவில் நின்றது. அதே ஆண்டு அக்டோபரில், ஷட்டர் பாகம் மாற்றப்பட்ட டி610 வெளிவந்தது. 2014 பிப்ரவரியில், வாரண்டி முடிந்திருந்தாலும் டி600ஐ இலவசமாகச் சோதித்துச் சுத்தம் செய்து, ஷட்டரையும் மாற்றித் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. மார்ச் 15ஆம் தேதி நுகர்வோர் தினத்தன்று சீன அரசு டெலிவிஷன் இதைப் பெரிதாகக் காட்ட, அங்குள்ள அதிகாரிகள் அந்த மாடலின் விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள்.

இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் எத்தனையோ போட்டோக்காரர்கள் தாங்கள் லென்ஸ் மாற்றும் விதம்தான் சரியில்லை என்று தங்களையே நொந்துகொண்டிருப்பார்கள். தேதியிட்ட சோதனைப் படங்களை வரிசையாக வைத்திருந்தவர்களுக்கே, புள்ளி திரும்பத் திரும்ப வருகிறது என்று காட்ட முடிந்தது. டி600 இன்றும் பழைய காமிரா சந்தையில் கைமாறுகிறது. ஷட்டர் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேட்காமல் வாங்க வேண்டாம். எந்தப் பழைய காமிரா வாங்கினாலும், பணம் எண்ணும் முன் எஃப் 22இல் ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்துப் பார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டால் போதும்.

பிறர் காமிராவைத் துடைத்துக் கொடுக்கிறவர்களுக்கு

கைப்பழக்கம் வந்துவிட்ட சிலர் இதையே ஒரு வருமானமாகச் செய்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பிறர் பொருள் நம் கைக்கு வந்த நிமிஷம் சட்டமும் கூடவே வருகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 148ஆம் பிரிவின்படி இது ஒப்படைப்பு. 151ஆம் பிரிவின்படி, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பது போல் இதைக் காக்க வேண்டும். அப்படிக் காத்தும் சேதமானால் 152ஆம் பிரிவு நமக்குத் துணை நிற்கும். கூலி தராமல் பொருளைக் கேட்டால் கூலி வரும்வரை வைத்துக்கொள்ள 170ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறைபாடு என்று வாடிக்கையாளர் மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். கடை பொறுப்பல்ல என்று போர்டு மாட்டியிருப்பதே நம்மைக் காப்பாற்றிவிடும் என்று இருக்கக்கூடாது.

காப்பாற்றுவது ரசீதுதான். காமிராவை வாங்கும்போதே மாடல், பாடியில் உள்ள எண், வெளியில் தெரியும் கீறல், கூட வந்த மூடி, பேட்டரி எல்லாவற்றையும் எழுதவும். வாடிக்கையாளர் கண்ணெதிரே எஃப் 22இல் ஒரு சோதனைப் படம் எடுத்து, ரசீது எண்ணையே பெயராக வைத்துக் கம்ப்யூட்டரில் போட்டு, புள்ளிகளையும் கீறல் போலத் தெரிவதையும் அவருக்கே காட்டிக் கையெழுத்து வாங்கவும். முன்பு யார் துடைத்தார்கள், எதனால் துடைத்தார்கள் என்று கேட்டு அதையும் குறிக்கவும். வாயால் ஊதினேன் என்று ஒருவரும் தாமாகச் சொல்லமாட்டார்கள், கேட்டால் சொல்வார்கள். வேலை முடிந்ததும் அதே தாள், அதே அபெர்ச்சர், இன்னொரு படம். முன், பின் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் கூலி விஷயத்திலும் பேரம் குறைகிறது.

நம்மால் ஆகாதது என்று கம்பெனி சர்வீசுக்கு அனுப்ப நேர்ந்தால், பேட்டரி, மெமரி கார்டு, வார் ஆகியவற்றைக் கழற்றி வைத்துக்கொண்டு, லென்ஸ் வாயில் மூடியைப் போட்டு, காமிராவை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்த பிறகே தெர்மோகோல் பெட்டியில் வைக்கவும். பை இல்லாவிட்டால் தெர்மோகோல் துகள் உள்ளே போய் உட்காரும். சோதனைப் படத்தின் பிரிண்ட் ஒன்றில் கறை உள்ள இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, எத்தனை குச்சி, என்ன திரவம் கொண்டு துடைத்தோம் என்று மறைக்காமல் எழுதி உள்ளே வைக்கவும். அங்கே திறப்பவர் முதலில் தண்ணீரா ஆல்கஹாலா என்று முடிவெடுக்க அந்த ஒரு துண்டுச் சீட்டு உதவும்.